மூன்றாவது வாய்க்கால்

மணி இரண்டாகப் பத்து நிமிடம் இருக்கும்போது வீப்கா மேசையை எண்ணினாள். சூப் கிண்ணங்கள் பன்னிரண்டு, கரண்டிகள் பன்னிரண்டு, ஆட்கள் பதினொன்று. ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. அதன் முதுகில் தொங்கவேண்டிய சீப்ரனின் கோட்டையும் காணோம்.

இதற்கெல்லாம் பயப்படக் கூடாது என்று தன்னையே அதட்டிக்கொண்டு கழிப்பறைக் கதவைத் தட்டினாள். உள்ளே யாருமில்லை. மாட்டுக்கொட்டகைக்கு ஓடினாள். பசுக்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லில் முகம் புதைத்தன. வைக்கோல் கொட்டகையில் இல்லை, கோழிக்கூட்டிலும் இல்லை. கோழிக்கூட்டு வாசலில், இரண்டு மணி எண்ணிக்கைக்காக மேசையிலிருந்து எழுந்து வந்த மென்னோ மட்டும் நின்றுகொண்டிருந்தான். மென்னோவுக்கு நாற்பத்தாறு வயது. பிறவியிலேயே புத்தி வளர்ச்சி கொஞ்சம் மெதுவு. மணிக்கு ஒருமுறை கோழிகளை எண்ணிச் சொல்வது அவன் உத்தியோகம், அதில் இன்றுவரை ஒரு கோழி தப்பியதில்லை.

"மென்னோ, சீப்ரன் மாமாவப் பாத்தியா?"

"கோழி முப்பத்தொண்ணு. சீப்ரன் இல்ல."



அவளும் தம்பி ஹாயேவும் அப்பா விட்டுப்போன பால் பண்ணையைப் பராமரிப்புப் பண்ணையாக மாற்றி ஒன்பது வருஷம் ஆகிறது. ஃப்ரீஸ்லாந்தின் அந்தச் சமவெளியில் மறதி நோய்க்காரர்கள், மனம் ஒடிந்தவர்கள், மென்னோ மாதிரி ஆட்கள் என்று பன்னிரண்டு பேர் காலையில் வருவார்கள். மாட்டுக்குத் தீனி போடுவார்கள், முட்டை பொறுக்குவார்கள், மாலை நாலு மணிக்கு வீட்டுக்குப் போவார்கள். சீப்ரன் எழுபத்தாறு வயதுக்காரர், ஐம்பது வருஷம் மாடு கறந்தவர். மனைவி ஆல்சாவின் பெயர் சில நாள் அவர் நினைவில் நிற்கும், சில நாள் நிற்காது. ஆனால் எந்தப் பசுவுக்கு மடி கட்டியிருக்கிறது என்பதைக் கால்நடை மருத்துவருக்கு முன்னால் சொல்லிவிடுவார்.

டிசம்பரில் ஒருநாள் அவர் பாட்டுக்கு வெளியேறி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு எதிராக நடந்துகொண்டிருந்தார். பிப்ரவரியில் பக்கத்து ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் வீட்டுச் செருப்போடு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. இன்னொரு முறை காணாமல் போனால் பண்ணை கிடையாது, நகரத்தில் கதவு பூட்டிய இல்லம்தான். ஆல்சா அந்த இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாவது மாடி, ஜன்னல் நாலு விரல்கடைதான் திறக்கும். திரும்பி வந்து பண்ணை வாசலில் காரை நிறுத்தி, இறங்காமல், ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். வீப்கா கார் கதவைத் திறந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் விட மாட்டேன் அத்தை. இங்கேருந்து அவர யாரும் கொண்டுபோக முடியாது" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த வாக்கு அன்றிலிருந்து தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

வாக்கைக் காப்பாற்றத்தான் ஒரு மாதம் இரவு பகல் பார்க்காமல் பண்ணையையே மாற்றினார்கள். சாலைப் பக்கம் ஆளுயர வேலி வந்தது. நாலு எண் தட்டினால்தான் திறக்கும் கேட் வந்தது. சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம், அகலக் கதவு வைத்த கழிப்பறை, சூடேற்றிய கூடம் எல்லாம் வந்தன. கூடத்தின் மூலையில், மறந்தவர்களுக்கு நினைவு திரும்பட்டும் என்று பழைய சாமான்களைச் சேர்த்து ஒரு சுவரையே வீப்கா அலங்கரித்திருந்தாள். கறவை முக்காலி, மரச்செருப்பு, புல்லரிவாள் (முனை மழுக்கியது). அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பண்ணையின் மற்ற மூன்று பக்கமும் வாய்க்கால். அதற்கு வேலி போடவேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, ஹாயேவுக்கும் தோன்றவில்லை, வந்து அளந்துபோன வேலிக்காரனுக்கும் தோன்றவில்லை. அந்த ஊரில் வாய்க்கால்தான் வேலி. மாடு தாண்டாது, ஆடு தாண்டாது. வாய்க்காலுக்கு வேலி போடுகிறவனைப் பார்த்து ஊரே சிரிக்கும்.

வாசலில் கார்ச் சத்தம் கேட்டது. சீப்ரனைப் பற்றி முடிவெடுக்க நகராட்சியிலிருந்து இரண்டு மணிக்கு வரவேண்டிய ரென்ஸ்கா ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டாள்.

ரென்ஸ்கா ஐம்பது வயதுக்காரி, நறுக்கென்று பேசுகிறவள். கையில் சாம்பல் நிறக் கோப்பு. கேட்டின் எண்பலகையை ஒருமுறை அழுத்திப் பார்த்து, சாய்தளத்தில் கால் வைத்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினாள். "நல்லா செஞ்சிருக்கீங்க" என்றாள். "சீப்ரன் எங்கே? அவரப் பாத்துட்டுத்தான் மத்ததெல்லாம்."

அந்த ஒரு நொடியில் வீப்கா உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆல்சா ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுததுதான் அவள் கண்ணில் நின்றது.

"கோழிக்கூட்டுல இருக்காரு. முட்டை பொறுக்குறாரு. அந்த நேரத்துல யாராவது போனா கோவம் வந்துடும். நீங்க முதல்ல காபி குடிங்க."

"குடிக்கலாமே" என்று ரென்ஸ்கா உட்கார்ந்தாள்.

வீப்கா காபி ஊற்றினாள், பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று எடுத்துவைத்து மூடினாள்.  பிறகு சமையலறைக்குள் ஹாயேவை இழுத்துப்போனாள்.

"சீப்ரன் மாமாவக் காணோம்."

ஹாயேவின் முகம் வெளுத்தது. "அவகிட்ட சொல்லிட்டியா?"

"கோழிக்கூட்டுல இருக்காருன்னு சொல்லிட்டேன்."

"அடிப்பாவி!"

"திட்டுறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. ஒரு பசு கன்னு போடப்போகுது, அக்கா அங்க போயிருக்கான்னு சொல்லு. அவளக் கோழிக்கூட்டுப் பக்கம் விடாதே. கூடத்தக் காட்டு, கழிப்பறையக் காட்டு, என்னத்தையாவது காட்டு."

"எனக்குப் பொய் வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

"இன்னிக்கு வரவழை."

கேட் பூட்டியிருந்தது, வேலி முழுசாக இருந்தது. சாலைப் பக்கம் போகவில்லை என்றால் எங்கே போனார்? கிணறு கூட இல்லாத பண்ணை. வீப்கா கடைசியாக ஒருமுறை கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் சுவர் கண்ணில் பட்டது. முக்காலி இருந்தது, மரச்செருப்பு இருந்தது, அரிவாள் இருந்தது. அரிவாளுக்கு மேலே, குறுக்காக, இரண்டு பெரிய ஆணிகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன.

தாண்டுகழி. மூன்று ஆள் நீளம், அடியில் சேற்றில் புதையாமலிருக்க வட்டமான மரத்தட்டு. அதை ஊன்றித்தான் அந்தக் காலத்து ஆட்கள் வாய்க்கால் வாய்க்காலாகத் தாண்டி வயல்வெளியில் அலைவார்கள். போன வாரம் அவளே ஏணி போட்டு ஏறி மாட்டியது. மாட்டும்போது சீப்ரன் கீழே நின்று, "இன்னும் கொஞ்சம் எறக்கு பொண்ணே, கைக்கு எட்டணும்ல" என்றார். அவளும் எவ்வளவு ஆசையாகக் கேட்கிறார் என்று மகிழ்ந்துபோய் இறக்கி மாட்டினாள். வெளியே மார்ச் மாதத்து வெயில், வருஷத்தில் முதல்முதலாகக் கோட்டைக் கழற்றத் தோன்றும் வெயில். இந்த நாளில் அந்த ஊர்க் கிழவர்கள் எல்லோருக்கும் கால் நிற்காது. ஆட்காட்டிப் பறவையின் முதல் முட்டையைக் கண்டுபிடிக்கிறவனுக்குத்தான் அந்த வருஷம் ஊரில் மரியாதை.

வேலியும் பூட்டும் போட்டுவிட்டு, தாண்டிப்போகிற கழியைக் கைக்கு எட்டும்படி மாட்டிக்கொடுத்தவள் தானேதான் என்று புரிந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, தன் கன்னத்திலேயே அறையவேண்டும் போலிருந்தது.

கொட்டகைக்குப் பின்னால் முதல் வாய்க்கால். கரைச் சேற்றில் தட்டின் வட்டத் தடம் பளிச்சென்று இருந்தது. தண்ணீர் கறுப்பாக அசையாமல் கிடந்தது. வீப்கா குனிந்து தண்ணீரைத்தான் முதலில் பார்த்தாள். கோட்டு மிதக்கிறதா, தொப்பி மிதக்கிறதா. இல்லை. அக்கரையில் பூட்ஸ் தடங்கள் மேலே ஏறிப் போயிருந்தன. பாலம் தேடி ஓட நேரமில்லை. இறங்கினாள். போன வாரம்வரை பனிக்கட்டி கிடந்த தண்ணீர் இடுப்பை அறுத்தது. மூச்சே நின்றுவிட்டு மறுபடி வந்தது. அக்கரைப் புல்லைப் பிடித்து ஏறி ஓடினாள்.

"சீப்ரன் மாமா!"

பதிலில்லை. இரண்டாவது வாய்க்கால் இன்னும் அகலம். அங்கேயும் வட்டத் தடம். நடு வாய்க்காலில் சேறு அவள் கால் செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. தடுக்கி முகம் குப்புற விழுந்து, வாயெல்லாம் பாசித் தண்ணீர். இந்தத் தண்ணீரில் எழுபத்தாறு வயது உடம்பு விழுந்தால் எத்தனை நிமிடம் தாங்கும்? அந்தக் கணக்கை அவளால் போட முடியவில்லை. ஒற்றைச் செருப்போடு ஓடினாள்.

தூரத்தில் ஒரு ஆட்காட்டி கத்த ஆரம்பித்தது. கூடவே இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்தின் மேல் சுற்றிச் சுற்றி, செங்குத்தாக விழுந்து எழுந்து கத்தின. பறவை அப்படிக் கத்தினால் கூட்டுப் பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று அர்த்தம். மூன்றாவது வாய்க்காலுக்கு அப்பால், பக்கத்துப் பண்ணையின் வயலில், கழியை வேல் மாதிரி ஊன்றிக்கொண்டு சீப்ரன் நின்றார். கோட்டுப் பொத்தான்கள் ஒழுங்காகப் போட்டிருந்தன. காலில் ஒரு சொட்டு ஈரமில்லை.

மூன்றாவது வாய்க்காலையும் நீந்தாத குறையாகக் கடந்து வந்து நின்றவளை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"யாரும்மா நீ? பாலத்து வழியா வரக்கூடாதா? இப்பிடியா நனைவாங்க?"

வீப்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் கையைப் பிடித்தாள். சூடாக இருந்தது. "வாங்க மாமா, வீட்டுக்குப் போலாம்."

"கெழவன்னு நெனச்சுட்டியா? கைய விடு" என்றாலும் கூடவே நடந்தார். பக்கத்துப் பண்ணையின் மண்பாதை வழியாகச் சாலைக்கு வந்து, வேலியைச் சுற்றி, கேட் எண்ணைத் தட்டி உள்ளே நுழைந்தார்கள். வழியில் தாண்டிய ஒவ்வொரு கேட்டையும் அவர் நின்று, கொக்கியை மாட்டி, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். வீப்காவுக்கு ஒவ்வொரு கொக்கியும் ஒரு மணி நேரமாகத் தோன்றியது.

பின்வாசலில் வைத்து அவர் பூட்ஸைத் துடைத்தாள். கழியைப் பின்சுவரோரம் படுக்கவைத்து மறைத்தாள். ஹாயேவின் கால்சட்டை ஒன்றைக் கொடியிலிருந்து உருவி மாட்டிக்கொண்டாள். சீப்ரனின் தொப்பி கோணலாக இருந்தது, சரிசெய்யக் கை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தொப்பி மேல கை வெச்சே, நடக்கிறதே வேற!"

"சரி சரி, வைக்கல."

கூடத்தில் ஹாயே அகலக் கழிப்பறைக் கதவை நாலாவது தடவையாகத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தான். அவன் நெற்றியில் வியர்வை. ரென்ஸ்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இதோ வந்துட்டாரு" என்றாள் வீப்கா, மூச்சை அடக்கி.

"கன்னு போட்டுடுச்சா?" என்றாள் ரென்ஸ்கா.

"இன்னும் இல்ல. நேரமாகும்."

"சீப்ரன் கோழிக்கூட்டுல இல்ல" என்றான் மேசையிலிருந்த மென்னோ, சூப்பை உறிஞ்சிக்கொண்டே. "கோழி முப்பத்தொண்ணு. சீப்ரன் இல்ல. நான் மூணு தடவ சொல்லிட்டேன்."

 ரென்ஸ்காவின் பார்வை வீப்காவின் கால்சட்டைக்கு வந்தது. இடுப்பில் கயிறு கட்டி, காலில் இரண்டு மடிப்பு மடித்திருந்தது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "மென்னோ எப்பவும் அப்பிடித்தான் எதையாவது..." என்று வீப்கா ஆரம்பித்தாள். சொல்லும்போதே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் ஒரு கோழியைக்கூடத் தப்பவிடாதவனைப் பொய்யனாக்குகிறாள்.

இதற்குள் சீப்ரன் கூடத்தின் நடுவுக்கு வந்துவிட்டார். ரென்ஸ்காவின் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். முதுகை நிமிர்த்தினார். குதிகால்களைச் சேர்த்து வைத்தார். இரண்டு கையாலும் மெதுவாகத் தொப்பியைக் கழற்றி, கவிழ்த்து நீட்டினார்.

"மேயரம்மா, இந்த வருஷத்து முதல் முட்டை. மூணாவது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்."

பழுப்பும் பச்சையும் கலந்து, மேலெல்லாம் கறுப்புப் புள்ளி தெறித்த சின்ன முட்டை. எந்தக் கோழியும் அப்படி ஒரு முட்டை போட்டதில்லை.

ரென்ஸ்கா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.  அவளும் அந்தச் சமவெளியில் மாட்டுச் சாணம் மிதித்து வளர்ந்தவள்தான். முதல் முட்டையை ஊர்த் தலைவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிற வழக்கம் அவளுக்குத் தெரியும். முட்டையை எடுக்கக்கூடாது, கூட்டை அடையாளம் வைத்துப் பாதுகாக்க மட்டும்தான் செய்யலாம் என்று பிறகு சட்டம் வந்ததும் தெரியும்.

"எங்கப்பாவும் தொப்பியிலதான் கொண்டுவருவாரு" என்றாள். பிறகு குரல் மாறியது. "வீப்கா, இது கோழிக்கூட்டுல எடுத்ததா?"

"இல்ல."

"பசு?"

"அப்பிடி ஒரு பசு இல்ல. அவரக் காணோம். நீங்க வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியிலேர்ந்து காணோம். அந்தக் கழிய மாட்டினது நான்தான். வாய்க்காலுக்கு வேலி போடணும்னு எனக்குத் தோணவே இல்ல. மென்னோ சொன்னதுதான் உண்மை." சொல்லி முடித்தபோது அவள் பற்கள் கிடுகிடுத்தன. குளிரா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவர் வாய்க்காலத் தாண்டினதுக்காக நான் கோவப்படல" என்றாள் ரென்ஸ்கா. "தாண்டாதவன் இந்த ஊர்க்காரனே இல்ல. ஆனா நீங்க என் முகத்தப் பாத்துப் பொய் சொன்னீங்க. அவரால தன்னப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது. அவருக்குப் பதிலா நீங்கதான் சொல்லணும். நீங்களே பொய் சொன்னா நான் எத நம்பி அவர இங்க விட்டுட்டுப் போறது?"

வீப்கா ஒரு துண்டை எடுத்து, முடியிலிருந்து தரையில் சொட்டியிருந்த தண்ணீரைத் துடைத்தாள்.

"முட்டை இன்னும் சூடா இருக்கு" என்றாள் ரென்ஸ்கா. "முதல்ல இதக் கொண்டுபோய் வைக்கணும். நாளைக்கு அந்த வயல்ல சாணிக் குழம்பு தெளிக்க டிராக்டர் எறக்குவாங்க. சீப்ரன், எங்க எடுத்தீங்கன்னு காட்டுவீங்களா?"

 சமையலறையிலிருந்து கழிப்பறைக்கு வழி தெரியாத மனுஷன். காட்டாமல் போனால் கோப்பில் அதுவும் ஏறும்.

நாலு பேரும் சாலை வழியாகச் சுற்றிப் போனார்கள். சீப்ரன் முன்னால் நடந்தார். பரந்த பச்சை வயலில் ஒரு மரமில்லை, ஒரு கல்லில்லை. எங்கு பார்த்தாலும் ஒரே புல். அவர் பாதி வயலில் நின்றார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார்.  ரென்ஸ்கா முட்டையைக் கைக்குட்டையில் பொதிந்து மார்போடு அணைத்திருந்தாள். அப்புறம் சீப்ரன் நேராகப் பதினைந்து அடி எடுத்துவைத்து, முழங்கால் மடக்கி உட்கார்ந்து, விரலால் காட்டினார். கையகலக் குழி, உள்ளே நாலைந்து காய்ந்த புல். இரண்டு அடி தள்ளி நின்றிருந்தாலும் யார் கண்ணுக்கும் தெரியாது.

ரென்ஸ்கா முட்டையை வைத்தாள். சீப்ரன் அதன் கூர்முனையைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். ஹாயே இரண்டு பக்கமும் குச்சி நட்டான். எல்லோரும் பின்வாங்கியதும் மேலே கத்திக்கொண்டிருந்த பறவை இறங்கி, ஓடி, நின்று, மறுபடி ஓடி, கூட்டில் உட்கார்ந்தது.

"இன்னும் மூணு முட்டை போடும்" என்றாள் ரென்ஸ்கா. "எல்லாம் பொரிய அஞ்சு வாரம். அதுவரைக்கும் யாராவது வந்து பாக்கணும்."

"நான் பாக்குறேன்" என்றார் சீப்ரன், வேறு யாரைக் கேட்கிறாள் என்பதுபோல.

ரென்ஸ்கா வீப்காவிடம் திரும்பினாள். "நடந்தது அத்தனையும் எழுதுவேன். உங்க பொய்யையும் எழுதுவேன். அதுல மாத்தமில்ல. ஆனா முடிவ அஞ்சு வாரம் தள்ளிவைக்கச் சொல்லியும் எழுதுவேன். அதுக்குள்ள மூணு வாய்க்காலுக்கும் கைப்பிடி வெச்ச பலகப் பாலம் போடுங்க. அவர் கூட்டப் பாக்கப் போற ஒவ்வொரு தடவையும் கூட ஒரு ஆள் போகணும். பண்ணையில புது வேலைன்னா இதுதான் வேலை. அந்தச் சொவர் அலங்காரம் எல்லாம் வேலை இல்ல. இன்னொரு தடவ கோழிக்கூடுன்னு என்கிட்ட சொன்னீங்கன்னா, அன்னிக்கே அவர நான் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"சொல்ல மாட்டேன்."

"ஆல்சாகிட்ட யாரு சொல்றது? நானா, நீங்களா?"

நாலு மணிக்கு ஆல்சாவின் பழைய சிவப்புக் கார் வந்தது. தினமும் புருஷன் ஏறி உட்கார்ந்ததும் அவள் கண்ணாடியை இறக்கி ஒரே கேள்விதான் கேட்பாள். வீப்காவும் ஒன்பது மாதமாக ஒரே பதில்தான் சொல்லிவருகிறாள். அவர் கத்தி அழுத நாளிலும், சூப்பைச் சுவரில் எறிந்த நாளிலும், பேருந்து நிறுத்தத்துக்கு முந்தைய வாரம் பழைய கேட்டையே பிடித்து உலுக்கிக்கொண்டு நின்ற நாளிலும், நல்லா இருந்தாரு அத்தை என்றுதான் சொல்லியிருக்கிறாள். பாவம், அவளாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்ற நினைப்பு.

கண்ணாடி இறங்கியது. "இன்னிக்கு எப்பிடிம்மா இருந்தாரு?"

வீப்கா குனிந்து கார் ஜன்னலில் கை வைத்தாள்.

"ஓடிப்போயிட்டாரு அத்தை. கழிய எடுத்துக்கிட்டு மூணு வாய்க்கால் தாண்டிப் போயிட்டாரு. ரென்ஸ்காவுக்கும் தெரியும். அஞ்சு வாரம் டைம் குடுத்திருக்காங்க. அதுக்கு மேல என்னாகும்னு எனக்குத் தெரியாது. முந்தியெல்லாம் நல்லா இருந்தாருன்னு சொன்னேனே, அதுலயும் பாதி நாள் பொய்."

ஆல்சாவின் முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பூட்ஸைப் பார்த்தாள், கால்சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"மூணுமா?"

"மூணும்."

"விழுந்துட்டாரா?"

"அவர் விழல அத்தை" என்றாள் வீப்கா. "நான்தான் விழுந்தேன்."

ஆல்சா ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று வீப்கா கதவைத் திறக்கப்போனாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.